தொல் மரபணு ஆய்வின் வரலாறு: பிழைகளைத் திருத்தி வளர்ந்த ஓர் அறிவியல்

முன்னுரை

இறந்துபோன உயிர்களின் எலும்பு, பல், தோல், முடி ஆகியவற்றில் எஞ்சியிருக்கும் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்துப் படிக்கும் துறை தொல் மரபணுவியல் எனப்படுகிறது. இத்துறைக்கு வயது ஏறத்தாழ 40 ஆண்டுகள்தான். அதற்குள் அது அழிந்துபோன விலங்குகளின் உறவுமுறையைச் சொல்லியிருக்கிறது. நியாண்டர்தால் மனிதர்களின் மரபணுத்தொகையைப் படித்துக் காட்டியிருக்கிறது. அதுவரை எவருக்கும் தெரியாத ஒரு மனித இனத்தையே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. இத்துறையின் முன்னோடியான சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே பாபோ, 2022-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

ஆனால் பாபோவை உலகுக்கு அறிமுகப்படுத்திய முதல் கண்டுபிடிப்பு பெரும்பாலும் தவறானது. பின்னாளில் அதை அவரே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு இத்துறையில் வெளிவந்த பல பரபரப்பான முடிவுகளும் பொய்த்துப்போயின. அந்தத் தவறுகளை மறைக்காமல் ஆராய்ந்ததால்தான் இத்துறை நம்பகமான அறிவியலாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

டி.என்.ஏ. எவ்வாறு அழிகிறது?

டி.என்.ஏ. என்பது அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்கள் மாறி மாறி அமைந்த நீண்ட இழை. இந்த நான்கையும் நான்கு எழுத்துகள் எனக் கொண்டால், மனிதனின் மரபணுத்தொகை சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு நூல். இதன் பெரும்பகுதி செல்லின் உட்கருவில் உள்ளது. உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவிலும் சுமார் 16,500 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு டி.என்.ஏ. இருக்கிறது. இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. ஒரு செல்லில் இதன் படிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால், பழைய எலும்பில் உட்கரு டி.என்.ஏ.யைவிட இது கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

உயிருள்ள செல்லில் டி.என்.ஏ.க்கு ஏற்படும் சேதங்கள் உடனுக்குடன் பழுதுபார்க்கப்படுகின்றன. உயிர் பிரிந்ததும் அந்தப் பழுதுபார்ப்பு நின்றுவிடுகிறது. நீர், ஆக்சிஜன், நுண்ணுயிரிகள் ஆகியவை இழையைத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. செல்லரித்த ஏட்டுச்சுவடியைப் போல, காலம் செல்லச் செல்லச் சிறு துணுக்குகளே மிஞ்சுகின்றன. வெப்பம் கூடக்கூட இந்த அழிவு விரைவாகிறது.

குவாக்காவின் தோல்

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த குவாக்கா என்னும் விலங்குக்கு உடலின் முன்பகுதியில் மட்டும் வரிகள் உண்டு. அளவுக்கு மீறிய வேட்டையால் இவ்வினம் அழிந்தது. கடைசிக் குவாக்கா 1883-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. அது குதிரைக்கு நெருங்கியதா, வரிக்குதிரைக்கு நெருங்கியதா என்பதில் விலங்கியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது.

1984-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெர்க்லியில் ஆலன் வில்சனின் ஆய்வகத்தைச் சேர்ந்த ரசல் ஹிகுச்சியும் பிறரும் ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருந்த குவாக்காத் தோல் ஒன்றை ஆராய்ந்தனர். 140 ஆண்டுப் பழமையான அந்தத் தோலில் ஒட்டியிருந்த உலர்ந்த தசையிலிருந்து 229 எழுத்துகளைப் படித்தனர். குவாக்கா வரிக்குதிரையின் நெருங்கிய உறவு என்பது தெரியவந்தது. அழிந்துபோன ஓர் உயிரின் டி.என்.ஏ. படிக்கப்பட்டது இதுவே முதன்முறை.

மம்மியும் மாணவரும்

அதே காலத்தில் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்தவர் பாபோ. அவருடைய ஆய்வுப் பொருள் வைரஸ் தொடர்பானது. ஆனால் அவர் மனம் இளமை முதலே எகிப்தின் பழம்பொருள்களில் ஈடுபட்டிருந்தது. பதப்படுத்தப்பட்ட உடலில் டி.என்.ஏ. மிஞ்சியிருக்குமா என்று அறிய விரும்பிய அவர், கடையில் கன்றின் ஈரல் வாங்கி, ஆய்வகத்தின் உலையில் 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து உலர்த்தினார். வழிகாட்டிப் பேராசிரியருக்குத் தெரியாமல் இதைச் செய்தபோது, எழுந்த வாடை கிட்டத்தட்டக் காட்டிக்கொடுத்துவிட்டது. உலர்ந்த ஈரலில் டி.என்.ஏ. இருந்தது.

அதன்பின் அவர் 23 மம்மிகளின் மாதிரிகளை ஆராய்ந்தார். 2,400 ஆண்டுப் பழமையான ஒரு குழந்தையின் மம்மியில் மனித டி.என்.ஏ. கிடைத்தது. 'நேச்சர்' இதழ் 1985-இல் இதை வெளியிட்டது. பாபோ புகழ்பெற்றார்.

அவர் படித்த துண்டு 3,400 எழுத்துகள் நீளமானது. அவ்வளவு பழைய உடலில் அவ்வளவு நீண்ட துண்டு எஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது பின்னர் செய்த ஆய்வுகளால் தெளிவானது. மம்மியைத் தொட்ட இக்கால மனிதர் எவருடைய டி.என்.ஏ.வோ அதில் கலந்திருக்க வேண்டும். ஒருவரின் தோல் துகள், எச்சில், தும்மல் எதுவாயினும் அதில் பழைய எலும்பில் இருப்பதைவிடப் பல மடங்கு டி.என்.ஏ. உண்டு. இதை மாசு என்கிறார்கள். இத்துறையின் தீராத எதிரி இதுதான்.

பெருக்கும் முறையும் பெருகிய பிழைகளும்

1983-இல் அமெரிக்கரான கேரி முல்லிஸ் பாலிமரேஸ் சங்கிலி வினை என்னும் முறையை உருவாக்கினார். மிகச் சிறிதளவு டி.என்.ஏ.வையும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்க இது உதவுகிறது. கொரோனா காலத்தில் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸைக் கண்டறியப் பயன்பட்ட பரிசோதனையும் இந்த முறையை அடிப்படையாகக் கொண்டதே.

தொல் மரபணு ஆய்வாளர்களுக்கு இது வரமாகவும் இருந்தது, ஆபத்தாகவும் முடிந்தது. எலும்பில் இருக்கும் பழைய துணுக்கைப் பெருக்கும் அதே வினை, ஆய்வாளரின் கைபட்டு ஒட்டிய புதிய டி.என்.ஏ.வையும் பெருக்கிவிடும். சேதமில்லாத புதிய இழையைப் பெருக்குவது அதற்கு இன்னும் எளிது.

1990-இல், சுமார் 1.7 கோடி ஆண்டுப் பழமையான மக்னோலியா இலையின் டி.என்.ஏ. கிடைத்ததாக ஒரு குழு அறிவித்தது. 1993-இல் அம்பர் எனப்படும் மரப்பிசின் கல்லில் சிக்கிய, 12 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வண்டின் டி.என்.ஏ. கிடைத்ததாகச் செய்தி வந்தது. 'ஜுராசிக் பார்க்' திரைப்படம் வெளியானதும் அதே ஆண்டுதான். 1994-இல் 8 கோடி ஆண்டுப் பழமையான எலும்பிலிருந்து டைனோசரின் டி.என்.ஏ. எடுத்ததாகவும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

இவற்றில் எதுவும் நிலைக்கவில்லை. டைனோசருடையது எனப்பட்டது மனித டி.என்.ஏ.வே என்று பாபோவின் குழுவினர் 1995-இல் எடுத்துக்காட்டினர். அம்பர் பூச்சிகளின் முடிவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் மீண்டும் பெற முயன்று தோற்றனர். சுவீடனில் பிறந்த தாமஸ் லிண்டால், நீரும் ஆக்சிஜனும் டி.என்.ஏ.வை எவ்வாறு சிதைக்கின்றன என்பதை 1993-இல் விளக்கி, பல கோடி ஆண்டுப் பழமையான டி.என்.ஏ. பற்றிய அறிவிப்புகளை ஐயத்தோடு பார்க்க வேண்டும் என எச்சரித்தார். டி.என்.ஏ. பழுதுபார்ப்பு பற்றிய ஆய்வுக்காக 2015-இல் இவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

விலங்குகள் கற்றுத்தந்த பாடம்

மனித எச்சங்களை ஆராய்வதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. ஆய்வாளரும் மனிதர், ஆய்வுப் பொருளும் மனிதர். கலந்தது எது, பழையது எது என்று பிரித்தறிவது கடினம். விலங்கின் எலும்பில் மனித டி.என்.ஏ. தென்பட்டால் அது மாசு என்று உடனே தெரிந்துவிடும். ஆகவே பாபோ பல ஆண்டுகள் பெரும்பாலும் விலங்குகளையே ஆராய்ந்தார். டாஸ்மேனியப் பைப்புலி, நியூசிலாந்தின் பறக்காத மோவா பறவை, குகைக்கரடி, தரைவாழ் சோம்பேறிக்கரடி எனப் பல அழிந்த இனங்கள் அவருக்குப் பயிற்சிக்களமாயின.

அந்த ஆண்டுகளில் இத்துறைக்கான கட்டுப்பாடுகள் உருவாயின. ஆய்வாளர்கள் உடல் முழுவதையும் மூடும் உடை அணிந்தனர். வடிகட்டிய காற்று மட்டுமே வரும் தூய அறைகள் அமைக்கப்பட்டன. எலும்புத் தூள் சேர்க்காத வெற்றுக் குழாயும் ஒவ்வொரு சோதனையிலும் கூடவே ஓடியது, அதில் டி.என்.ஏ. தென்பட்டால் அந்தச் சோதனை முழுவதும் தள்ளுபடி. முக்கியமான முடிவு எதையும் இன்னோர் ஆய்வகம் தனியே செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் நெறியாயிற்று.

நியாண்டர்தால் எலும்பு

1856-இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்கள் ஒரு குகையில் சில எலும்புகளைக் கண்டெடுத்தனர். கரடியின் எலும்புகள் என்று கருதப்பட்ட அவை, அப்பகுதியின் பள்ளி ஆசிரியரான யோகான் கார்ல் ஃபுல்ராட்டின் கைக்கு வந்தன. அவை வேறுபட்ட ஒரு மனிதனுடையவை என்று அவர் கண்டுகொண்டார். நியாண்டர்தால் என்ற பெயர் அந்தப் பள்ளத்தாக்கால் வந்ததே.

அதே எலும்புக்கூட்டின் மேற்கை எலும்பிலிருந்து 3.5 கிராம் எடையுள்ள துண்டு, அப்போது மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த பாபோவுக்குக் கிடைத்தது. அவருடைய மாணவர் மத்தியாஸ் கிரிங்ஸ் அதிலிருந்து மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.யின் சிறு துணுக்குகளை எடுத்தார். ஒன்றன்மேல் ஒன்று படியும் துணுக்குகளைக் கோத்து 379 எழுத்துகளைப் படித்தனர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அதே சோதனை தனியே செய்யப்பட்டு, அங்கும் அதே விடை வந்த பிறகே 1997-இல் முடிவு வெளியானது.

இக்கால மனிதர் இருவரை ஒப்பிட்டால் அந்தப் பகுதியில் சராசரியாக 8 எழுத்துகள் வேறுபடும். நியாண்டர்தாலுக்கும் நமக்கும் இடையே வேறுபட்டவை சராசரியாக 27. நியாண்டர்தால்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. இன்றைய மனிதர்களிடம் இல்லை என்பது இதன் பொருள். நியாண்டர்தால்கள் நம்மோடு கலக்காமலே மறைந்துவிட்டனர் என்று பலரும் இதிலிருந்து முடிவுகட்டினர்.

முழு நூலையும் படித்தபோது

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியை மட்டுமே காட்டும். பெண் பிள்ளைகள் இல்லாத தாயின் வழி அவளோடு நின்றுபோகும். உட்கரு டி.என்.ஏ.வையும் படித்தால்தான் முழு உண்மை தெரியும். லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராகிவிட்ட பாபோ, நியாண்டர்தால் மரபணுத்தொகையைப் படிக்கப்போவதாக 2006-இல் அறிவித்தார்.

தொடக்கமே இடறியது. அதே ஆண்டில் ஒரே எலும்பை இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பாபோவின் குழு பெற்ற தரவில் இக்கால மனித டி.என்.ஏ. கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. இத்தனை கட்டுப்பாடுகளுக்குப் பிறகும் மாசு புகுந்துவிட்டது. தூய அறைக்கு வெளியே நடந்த வேலையில்தான் கசிவு என்று கருதிய குழுவினர், தூய அறைக்குள் இருக்கும்போதே ஒவ்வொரு துணுக்கின் முனையிலும் நான்கு எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளக் குறியை ஒட்டினர். அதன்பின் குறியில்லாத துணுக்கு எதுவும் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

இன்னொரு சான்று டி.என்.ஏ.யின் அழிவிலிருந்தே கிடைத்தது. பழைய துணுக்குகளின் முனைகளில் உள்ள சைட்டோசின் காலப்போக்கில் சிதைந்து, படிக்கும்போது தைமின் போலத் தோன்றுகிறது. நேற்று ஒட்டிய டி.என்.ஏ.யில் இந்தச் சிதைவு இருப்பதில்லை. முன்பு தொல்லையாக இருந்த சேதமே பழமைக்கான முத்திரையாயிற்று.

குரோவேசியாவின் விந்திஜா குகையில் கிடைத்த மூன்று எலும்புகளைக் கொண்டு, நியாண்டர்தால் மரபணுத்தொகையின் முதல் வரைவு 2010 மே மாதம் வெளியானது. அதை ஆப்பிரிக்கர் இருவர், பிரெஞ்சுக்காரர், சீனர், பாப்புவா நியூகினியர் ஆகிய ஐவரின் மரபணுத்தொகைகளோடு ஒப்பிட்டனர். ஆப்பிரிக்கர் இருவரைவிட மற்ற மூவரும் நியாண்டர்தாலுக்குச் சற்று நெருக்கமாக இருந்தனர். நியாண்டர்தால்கள் வாழ்ந்ததற்கே தடயமில்லாத நியூகினியைச் சேர்ந்தவரும் அப்படியே. ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய நம் முன்னோர், உலகெங்கும் பரவுவதற்கு முன்பே நியாண்டர்தால்களோடு கலந்து பிள்ளைகள் பெற்றிருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் மரபணுத்தொகையில் 1 முதல் 4 விழுக்காடு நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று அப்போது கணக்கிட்டனர். இன்றைய கணக்கு சுமார் 2 விழுக்காடு. ஆப்பிரிக்கர்களிடம் இது அறவே இல்லை என்ற எண்ணமும் 2020-இல் திருத்தப்பட்டது. வெளியேறியவர்களில் சிலர் திரும்பி வந்ததால் அவர்களிடமும் சிறிதளவு உண்டு. 1997-இல் படித்த எழுத்துகள் சரியானவைதாம். அவற்றைக் கொண்டு சொல்லக்கூடியதற்கு மேல் சொன்னதே பிழை.

ஒரு சுண்டுவிரல் எலும்பு

2008-இல் சைபீரியாவின் அல்தாய் மலையில் உள்ள டெனிசோவா குகையில் சுண்டுவிரல் எலும்பின் சிறு துண்டு ஒன்று கிடைத்தது. ரஷ்யத் தொல்லியலாளர்கள் அதை லைப்சிக்குக்கு அனுப்பினர். 2010-இல் அதன் டி.என்.ஏ. படிக்கப்பட்டபோது, அது நியாண்டர்தாலும் அல்ல, நம் இனமும் அல்ல என்று தெரிந்தது. மண்டையோடு எதுவும் கையில் இல்லாமல், டி.என்.ஏ.வைக் கொண்டே ஒரு மனித இனம் கண்டறியப்பட்டது இதுவே முதன்முறை. அவ்வினத்தவர் டெனிசோவன்கள் எனப்பட்டனர். இன்றைய பாப்புவா நியூகினி மக்களின் மரபணுத்தொகையில் சில விழுக்காடு இவர்களிடமிருந்து வந்தது.

2018-இல் அதே குகையின் இன்னோர் எலும்புத் துண்டு மேலும் வியப்பளித்தது. சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிறுமியினுடையது அது. அவளுடைய தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவன். கலப்பு நடந்தது என்று கணக்குகள் சொல்லிவந்ததை ஒரு குழந்தையின் எலும்பு நேரடியாகவே காட்டிவிட்டது.

டெனிசோவன்களின் முகம் எப்படியிருக்கும் என்ற கேள்விக்கு 2025-இல் விடை கிடைத்தது. சீனாவின் ஹார்பின் நகரில் 1933-இல் ஒரு தொழிலாளி கண்டெடுத்துக் கிணற்றில் மறைத்துவைத்ததாகச் சொல்லப்படும் மண்டையோடு, டெனிசோவனுடையது என்று புரதங்களைக் கொண்டும், பல்லில் படிந்த காரையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைக் கொண்டும் உறுதியாயிற்று.

இன்றைய உடலில் பழைய உறவுகள்

திபெத்தியர்கள் ஆக்சிஜன் குறைந்த உயரமான இடத்தில் இயல்பாக வாழ்கின்றனர். அதற்கு உதவும் ஒரு மரபணு வடிவம் டெனிசோவன்களிடமிருந்து வந்தது என்று 2014-இல் தெரியவந்தது.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது, நோய் கடுமையாவதற்கான வாய்ப்பைக் கூட்டும் ஒரு மரபணுப் பகுதி மூன்றாம் குரோமோசோமில் இருப்பது கண்டறியப்பட்டது. அது நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று ஹியூகோ செபர்க்கும் பாபோவும் காட்டினர். தெற்காசிய மக்களில் சுமார் பாதிப் பேரிடமும், ஐரோப்பியர்களில் சுமார் 16 விழுக்காட்டினரிடமும் அப்பகுதி உள்ளது. அதைப் பெற்ற எல்லோருக்கும் நோய் கடுமையாகும் என்பது இதன் பொருளல்ல. வயது, உடல்நிலை, மருத்துவ வசதி ஆகியவையும் உண்டு. நோயின் கடுமையைக் குறைக்கும் வேறொரு பகுதியும் நியாண்டர்தால்களிடமிருந்தே வந்திருப்பதை அதே இருவர் 2021-இல் எடுத்துக்காட்டினர்.

வெப்ப நாடுகளில் உள்ள சிக்கல்

இதுவரை படிக்கப்பட்ட மிகப் பழைய டி.என்.ஏ. அனைத்தும் குளிர்ப்பகுதிகளிலிருந்து வந்தவை. சைபீரியாவின் உறைந்த மண்ணில் கிடைத்த 10 லட்சம் ஆண்டுக்கு மேற்பட்ட மாமூத் யானையின் டி.என்.ஏ. 2021-இலும், கிரீன்லாந்தின் மண்ணில் இருந்த 20 லட்சம் ஆண்டுப் பழமையான டி.என்.ஏ. 2022-இலும் வெளியிடப்பட்டன.

இந்தியா போன்ற நாடுகளில் சில ஆயிரம் ஆண்டுப் பழைய எலும்பிலேயே டி.என்.ஏ. மிஞ்சுவது அரிது. அரியானாவின் ராக்கிகடியில் எடுத்த 60-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஒரே ஒரு பெண்ணின் எலும்பு மட்டுமே பயன்பட்டது. அவளுடைய மரபணுத்தொகை 2019-இல் வெளியானது. தமிழ்நாட்டில் கீழடியை அடுத்த கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகளும் மரபணு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதில் ஈடுபட்டுள்ளது. இத்தகைய முடிவுகளுக்காகப் பலரும் ஆவலோடு காத்திருப்பது இயல்பே. ஆவல் மிகுந்த இடத்தில்தான் மாசு எளிதில் கண்ணுக்குத் தப்புகிறது என்பதை 1985-இன் மம்மியும் 1994-இன் டைனோசரும் நினைவூட்டுகின்றன.

முடிவுரை

பழைய நூல் ஒன்றைப் பதிப்பிப்பவர், கிடைத்த ஏடுகளையெல்லாம் ஒப்பிட்டு, படி எடுத்தவரின் பிழை எது, மூலபாடம் எது என்று ஆராய்வார். தொல் மரபணு ஆய்வாளரின் வேலையும் ஏறக்குறைய அதுவே. ஒரு முடிவு வெளிவரும்போது மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். அந்த டி.என்.ஏ.யில் பழமைக்குரிய சேதம் இருக்கிறதா? வெற்றுக் குழாயில் ஒன்றும் தென்படவில்லையா? வேறோர் ஆய்வகத்திலும் அதே விடை வந்ததா?

மம்மி பற்றிய தம் முதல் கட்டுரையின் குறையைப் பாபோ 2014-இல் வெளிவந்த தம் நூலில் தாமே எழுதியிருக்கிறார். அதற்கு 8 ஆண்டுகள் கழித்து நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. தவறை ஒப்புக்கொண்டதால் அவர் பெயர் குறைந்துவிடவில்லை. அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று தேடியதிலிருந்து பிறந்த கட்டுப்பாடுகளே, நியாண்டர்தால்களும் டெனிசோவன்களும் நம் உறவினர் என்று உலகம் நம்பும்படிச் சொல்ல அவருக்குத் துணைநின்றன.